பகலில் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை

பேராசிரியர் எஸ்தர் பாக்கியம் காலமாகிவிட்டார். இதை உறுதி செய்தவர் அவருடைய தம்பி சாமுவேல். மார்கழியில் ஒரு வியாழக்கிழமை காலை, தல்லாகுளத்தில் நீதிமன்றப் பக்கம் ஒரு உத்தரவின் நகலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வருவதை நான் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. சாமுவேலைக் கூப்பிட்டேன்.

"ஆமாண்ணே. காலையில காப்பி குடுத்தேன். பாதி குடிச்சிட்டு வச்சுச்சு. டம்ளரை எடுத்து வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள போயிருச்சுண்ணே அக்கா," என்றார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டேன். அக்காவை இழந்த தம்பியிடம் கேட்கிற கேள்வி அது இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. சாமுவேல் கோபப்படவில்லை.

"இருந்தேன்ணே. அக்காவும் இதைத்தான் கேட்டிருக்கும்," என்றார்.

பேராசிரியரை அறிந்தவர்களுக்கு இது புரியும். அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மதுரையில் ஒரு மிஷன் கல்லூரியின் தத்துவத் துறையில் எஸ்தர் மேடம் தர்க்கம் கற்பித்தார். சேர ஆள் இல்லாமல் அந்தத் துறையை மூடியபோது, ஓய்வு பெறும்வரை பொது ஆங்கிலம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தல்லாகுளத்தில் பெற்றோர் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். மாடியில் குடியிருந்தவரால்தான் கடைசி ஆண்டுகளில் அவருடைய தர்க்கம் மல்லிகைத் தோட்டம்வரை போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பழக்கம் ஒரு சுவரில் தொடங்கியது. பலத்த மழைக்குப் பிறகு ஒரு தெருவில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்ததை எங்கள் நாளிதழில் எழுதியிருந்தேன். உயிர்ச்சேதம் இல்லை, சின்னச் செய்தி. மறுநாள் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து ஒரு அழைப்பு.

"மழை பெஞ்சுச்சுன்னு எழுதியிருக்கீங்க. சுவர் விழுந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் சரி. நடுவுல 'இதனால்'னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது யார் சொன்னது?"

"மழையில சுவர் விழறது வழக்கம்தானே மேடம்?"

"அதே தெருவுல மத்த சுவரெல்லாம் குடை பிடிச்சுக்கிட்டா நின்னுச்சு?"

அந்தக் கேலிக்காகவே அன்று மாலை அந்தத் தெருவுக்குப் போனேன். அதே மழையில் நனைந்த அதே வயதுச் சுவர்கள் வரிசையாக நின்றன. விழுந்த சுவரின் பின்பக்கம் மட்டும், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அடுத்த நாள் வந்தது வேறு செய்தி. அதைச் சொல்ல அவரைக் கூப்பிட்டேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பக்கத்துல பள்ளம் தோண்டியும் விழாம நிக்கிற சுவர் எங்கயாவது இருக்கானு பாத்தீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு, பெரிய செய்திகளை ஆசிரியருக்கு அனுப்பும் முன் அவரிடம் போனில் வாசித்துக் காட்டுவது பழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தால், "சரி, அனுப்புங்க ரிப்போர்ட்டர்" என்பார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. அவரைவிட நான் சில வயது மூத்தவன் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அவர் கற்பித்தது பழைய தர்க்கம். இந்த நாட்டில் சமயவாதிகள் நேருக்கு நேர் அமர்ந்து வாதிட்ட காலத்தில் உருவானது. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அது பக்கம். அதற்கு ஒரு காரணம் காட்டுகிறார், அது ஏது. அந்தக் காரணம் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதில் அது இருக்க வேண்டும். அதைப் போன்ற மற்றவற்றிலும் இருக்க வேண்டும். அதைப் போல் இல்லாதவற்றில் இருக்கவே கூடாது. இதை எனக்கு அவர் விளக்கியது ஒரு டீக்கடை வாசலில்.

"இந்தக் கடை டீ நல்லாயிருக்கும்னு ஏன் சொல்றீங்க?"

"கூட்டம் நிக்குதே."

"கூட்டம் நிக்குது, முதல் சோதனை பாஸ். டீ நல்லாயிருக்கிற வேற கடையிலயும் கூட்டம் நிக்குமா?"

"நிக்கும்."

"ரெண்டாவதும் பாஸ். டீ வாயில வைக்க முடியாத கடை, ஆனா கூட்டம் நிக்குது. அப்படி ஒண்ணு தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு வழியில்லாத ஒரு கடை அங்கே உண்டு. இருவரும் சிரித்துவிட்டோம். "எல்லாரும் முதல் ரெண்டு சோதனையோட எந்திரிச்சுப் போயிருவாங்க ரிப்போர்ட்டர். மூணாவதுக்குத்தான் வெயில்ல நடக்கணும்," என்றார்.

மாடியில் குடியிருந்தவர் கார்த்திக். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, மனைவிக்கு மதுரையில் வேலை கிடைத்ததால் ஊர் திரும்பியவர். மல்லிகை விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். மல்லிகை மொட்டுக்குள் முட்டையிடும் ஒரு சிறிய ஈ உண்டு. புழு உள்ளே இருந்தால் மொட்டு ஊதா நிறமாகி, விரியாமலே காய்ந்து விழும். முதலிலேயே கண்டுகொண்டால் மருந்தடித்துக் காப்பாற்றலாம். நோயில்லாதபோது அடித்தால் காசுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. மொட்டைப் போனில் படம் எடுத்தால் நோய் உண்டா இல்லையா என்று செயலி சொல்ல வேண்டும். அதற்காக நோயுள்ள மொட்டு, நோயில்லாத மொட்டு என்று ஏராளமான படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார். தவறாகச் சொன்னால் இன்னும் படங்கள் காட்டி மறுபடி பழக்குவார். இப்படிச் சுற்றுச் சுற்றாக அது கற்றுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்கார அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல்தான் இருந்தது, ஒரு சனிக்கிழமை பாண்டியம்மாள் வந்து சேரும்வரை.

அன்று நானும் அங்கே இருந்தேன். அவனியாபுரத்துக்குத் தெற்கே, விமான நிலையத்து வேலியைத் தாண்டி இருக்கிற தோட்டத்திலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். கையில் மஞ்சப்பை. வாசலில் நின்று, "இங்க போன்ல வைத்தியம் பாக்குறவரு யாரு?" என்றார்.

கார்த்திக் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "நான்தாங்கக்கா."

"அக்காவா? நல்லாக் கூப்பிடுப்பா. மொதல்ல உம் போனு எனக்கு என்ன சொல்லுச்சுன்னு பாரு."

திரையில் பச்சை நிறத்தில் 'நோய் இல்லை' என்று இருந்தது. பாண்டியம்மாள் மஞ்சப்பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். எங்கள் டீ டம்ளர்களைச் சுற்றி ஊதா மொட்டுகள் உருண்டன. ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே வெண்புழு நெளிந்தது.

"இம்புட்டுப் பெரிய பச்சை டிக்குப் போட்டிருந்துச்சு. படிச்ச புள்ள செஞ்சதுன்னு நம்பி மருந்தடிக்கிறதை நிப்பாட்டினேன். இப்ப தோட்டம் பூராவும் இதுதான்."

"ஸாரிக்கா. இன்னும் கொஞ்சம் போட்டோ குடுத்துப் பழக்கினா சரியாயிரும்," என்றார் கார்த்திக்.

"எம்புட்டுக் குடுக்கணும்? என் தோட்டம் மொத்தத்தையுமா?"

எஸ்தர் மேடம் அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் மீதி வந்தது. தோட்டம் பாண்டியம்மாளுக்கும் அவர் கொழுந்தனுக்கும் பொது. சுற்றிலும் பிளாட் போட்டு வண்ணக் கல் ஊன்றிவிட்டார்கள். செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று கொழுந்தன் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "பூவு சோறு போடும்னு நான் சொல்வேன். போடாதுன்னு அவன் சொல்வான். இப்ப நான் எதை வச்சுப் பேச?" என்றார்.

மேடம் கார்த்திக் பக்கம் திரும்பினார். "அந்த லேப்டாப்பைக் கீழ கொண்டா. உன் போன் எதைப் பாத்து 'இல்லை'ன்னு சொல்லுச்சு?"

செயலி ஒரு படத்தில் எந்தப் பகுதியை வைத்து முடிவு செய்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும் வசதி கார்த்திக்கிடம் இருந்தது. பாண்டியம்மாள் எடுத்த படத்தில் மொட்டின் மேல் கொஞ்சம்தான் நிறம் விழுந்திருந்தது. மீதியெல்லாம் மொட்டைச் சுற்றியிருந்த வெளிச்ச வளையத்திலும் பின்னால் இருந்த இருட்டிலும் கிடந்தது.

"நோயில்லாத மொட்டு, பகல் வெளிச்சத்துல எடுத்தது. ஒண்ணு காட்டுப்பா," என்றார் மேடம்.

கார்த்திக் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். வெகுநேரம் தள்ளினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சரி. நோயுள்ள மொட்டு, இருட்டுல எடுத்தது?"

அதுவும் இல்லை. கார்த்திக்கின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. பாண்டியம்மாளுக்கு எங்கள் குழப்பம் வேடிக்கையாக இருந்தது. "இருட்டுல சீக்கு மொட்டை எவ போட்டோ எடுப்பா? பறிக்கிற நேரத்துல நல்ல மொட்டைத்தான் எடுப்போம், ஏவாரிக்கு அனுப்ப. சீக்கு மொட்டை, பூவு மார்க்கெட்டுக்குப் போனப்புறம் சாவகாசமா எடுத்து மருந்துக் கடைக்கு அனுப்புவோம்," என்றார்.

மல்லிகையை விடியுமுன் பறிப்பார்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பறிப்பார்கள். கார்த்திக் நோயில்லாத படங்களைப் பூ வியாபாரிகளின் குழுக்களிலிருந்து வாங்கியிருந்தார்; எல்லாம் டார்ச் வெளிச்சம். நோயுள்ளவற்றை மருந்துக் கடைக்காரர்களிடமிருந்து வாங்கியிருந்தார், எல்லாம் பகல். பாண்டியம்மாள் தன் மொட்டில் லேசாக நிறம் மாறுவதைப் பறிக்கும்போதே கண்டு, அங்கேயே நின்று படம் எடுத்துவிட்டார். மற்றவர்களைப் போல் பகல்வரை பொறுத்திருந்தால் செயலி சரியாகச் சொல்லியிருக்கும்.

"டார்ச்சைப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கு மேடம்," என்று கார்த்திக் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஒழுங்காத்தான் படிச்சிருக்கு. நாம காட்டினதுல அந்த வித்தியாசமும் இருந்துச்சு. எடுத்துக்கிச்சு. மூணாவது சோதனைக்கு உண்டான படத்தை நாம குடுக்கவே இல்லையே," என்றார் மேடம். பிறகு பாண்டியம்மாள் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு பூப்பருவம் பொறுத்துக்கங்க. இவன் சரி பண்ணுவான். நான் பக்கத்துல இருப்பேன்."

"நீங்க யாரும்மா? டாக்டரா?"

"இல்ல. கேள்வி கேக்குறவ."

பாண்டியம்மாள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. கொழுந்தன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு பருவந்தான். அதுக்கு மேல எனக்கும் தாங்காது," என்றார். மேசையில் கிடந்த மொட்டுகளை ஒன்று விடாமல் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனார். புழு வீட்டில் கிடக்கக் கூடாதாம்.

அடுத்த வாரம் நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். பகலில் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை என்பது மேடத்தின் ஏற்பாடு. நோயுள்ள மொட்டை டார்ச்சில் எடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் நோயில்லாத மொட்டை வெயிலில் எடுக்க வேண்டும். விடியுமுன் போனபோது, நரைத்த கொண்டைக்கு மேல் டார்ச்சின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு மேடம் வரப்பில் நின்றார். பறிக்க வந்த பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மேடம், லைட்டை எங்க மூஞ்சியில அடிக்காதீங்க. சீக்கு எங்களுக்கு இல்ல," என்றது ஒரு குரல்.

"எப்படித் தெரியும்? ஏது சொல்லுங்க," என்றார் மேடம்.

"ஏதா? இடுப்பு வலிக்குது பாருங்க. உசிரோட இருக்கோம்!"

தலைக்கு மேல் முதல் விமானம் இறங்கியது. அதன் விளக்கில் வரிசையாகச் செடிகள் வெளுத்து மறைந்தன. அந்த ஒரு கணத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம், தினமும் பார்க்கிற அந்தப் பெண்கள் உட்பட. மேடம் மட்டும் குனிந்து ஒரு மொட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த உருவம்தான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. குனிந்த முதுகு, நெற்றியிலிருந்து இறங்கும் வெளிச்சம், அதில் ஒரே ஒரு மொட்டு.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடத்தின் சாப்பாட்டு மேசையில் ஒரு சுற்று நடந்தது. கார்த்திக்கின் பழைய வழக்கம், தவறு வந்தால் படங்களைக் கூட்டுவது. மேடம் அதை மாற்றினார். செயலி எங்கே தவறியது என்று பார்த்து, அது எந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மூன்று சோதனைகளிலும் வைக்க வேண்டும். எந்தச் சோதனையில் விழுகிறதோ, அதற்குரிய படங்களை மட்டும் தேடிப்போய் எடுத்துவந்து அடுத்த சுற்றில் காட்ட வேண்டும். "மூட்டை மூட்டையாக் கொட்டாதப்பா. அது எதைத் தப்பா நம்புதோ, அதை உடைக்கிறதை மட்டும் குடு," என்பார். கார்த்திக்குக்குக் கை ஒடிந்ததுபோல் இருந்தது முதலில். கொஞ்ச காலத்திலேயே, கொஞ்சம் படங்களில் செயலி அதிகம் தேறுவதைக் கண்டு அவரே வேகம் பிடித்தார்.

மேடத்தின் விதியும் ஒருமுறை விழுந்தது. ஊதா நிறம் தெரிந்தால் நோய் என்று ஒரு கட்டாய விதியைச் செயலிக்குள் வைக்கச் சொன்னவர் அவர்தான். அடுத்த சனிக்கிழமை பாண்டியம்மாள் போனில் வந்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"மேடம், உங்க போனு பிச்சிப்பூவுக்குச் சீக்குங்குது! வேலியோரம் ரெண்டு பிச்சிக் கொடி நிக்குது. பிச்சி மொட்டு பொறக்கும்போதே அந்த நெறந்தான் மேடம்!"

மேடம் போனை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் ஏது போச்சு," என்றார் எங்களிடம். "எனக்குப் பிச்சி தெரியும். தலையில வச்சிருக்கேன். ஆனா விதி எழுதும்போது வேலியோரம் பாக்கலை." அந்த வாரம் முழுக்க அவர் உற்சாகமாக இருந்தார். தன் கூற்று உடைந்தால் வருத்தப்படுகிறவர்களைத்தான் நான் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சனிக்கிழமை நடந்ததை அவரிடம் படித்தவர்கள் ரசிப்பார்கள். செயலி சில படங்களுக்கு உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும் என்றார் மேடம். கார்த்திக் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணு இருக்கும், இல்லாட்டி இருக்காது, நடுவுல எதுவும் கிடையாதுன்னு?"

"செடிக்கு நடு கிடையாதுப்பா. அதுக்குள்ள புழு இருக்கு, இல்லாட்டி இல்ல. நமக்குத்தான் நடு உண்டு. நம்ம குழப்பத்தைக் கொண்டுபோய்ச் செடி தலையில வைக்காத."

"பாண்டியம்மாக்கா ஒத்துக்க மாட்டாங்க. தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்குப் போனும்பாங்க."

பாண்டியம்மாளிடமே கேட்டோம். "தெரியாதுன்னு சொன்னா நான் கிள்ளிப் பாத்துக்கிருவேன். பச்சை டிக்குப் போட்டாத்தான் மோசம்," என்றார். விஷயம் முடிந்தது.

ஐப்பசியில் மேடத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பல மாதங்களாக இருந்த களைப்பையும் இளைப்பையும் அவர் வெயில், வயது, பஸ் பயணம் என்று வேறு வேறு காரணங்களில் வைத்திருந்தார். மருத்துவமனையில் பார்க்கப் போனேன். ஊசி போட வந்த நர்ஸ், "சீக்கிரம் நல்லாயிருவீங்கம்மா," என்றார். மேடம் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நர்ஸ் போனதும் என்னிடம் சொன்னார்: "ஏதுவெல்லாம் கண் முன்னாடியே இருந்துச்சு ரிப்போர்ட்டர். நான்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எதிர்ச்சான்று கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தேன். கெட்டிக்காரத்தனம்."

நான் தோட்டத்தைப் பற்றிப் பேசினேன். கார்த்திகையில் பாண்டியம்மாள் செடிகளைக் கவாத்து செய்யப்போகிறார், வெட்டிவிட்டால் மாசிக் கடைசிவரை மொட்டு வராது, வெட்டுவதற்குள் கடைசிச் சுற்றை முடிக்கக் கார்த்திக் நினைக்கிறார் என்றேன். அவர் முகத்தில் தெளிவு வந்தது. லேப்டாப்பை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னார். கட்டிலில் சாய்ந்தபடியே கடைசிச் சுற்றை நடத்தினார். இடையிடையே கண் மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று கார்த்திக் லேப்டாப்பை மூடப்போனால், "அந்த மூணாவது படத்துல நிழல் விழுந்திருக்கு. அதை என்ன சொல்லுச்சு?" என்பார். அந்தச் சுற்று முடிந்த அன்று பாண்டியம்மாளும் பார்க்க வந்திருந்தார்.

"மேடம், மொதக் கொத்து மொட்டு எடுக்குறப்ப நீங்க வரணும். வந்து லைட்டைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

"வாரேன்," என்றார் மேடம். 'வரேன்' என்று சொல்லும் தன் வழக்கத்திலிருந்து விலகி, அவர் பாண்டியம்மாளின் பேச்சில் சொன்னதைக் கேட்டது அன்றுதான்.

மார்கழியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சில நாட்கள்தான்.

அடக்கத்துக்குக் கூட்டம் இருந்தது. பழைய மாணவர்கள், சபை மக்கள், தெருக்காரர்கள். எங்கு பார்த்தாலும் செவ்வந்தியும் ரோஜாவும். குளிர்காலத்தில் மல்லிகை அரிது. இருந்தாலும் எட்டாத விலை. பாண்டியம்மாள் வெறுங்கையோடு வந்து பெட்டியின் அருகில் நின்றார். சுற்றியிருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. குனிந்து, பக்கத்தில் இருந்து பேசுவதுபோலவே பேசினார்:

"கவாத்து பண்ணிக் கெடக்கு மேடம். ஒரு மொட்டுகூட இல்ல. கடையில வாங்கியாரவும் மனசு வரல. பொறுக்கச் சொன்னீங்க, பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கார்த்திக் சற்றுத் தள்ளி நின்றார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, இனிமே சுற்று நடந்தா கேள்வி யாருண்ணே கேப்பா?" என்றார். சாமுவேல் அடுத்த சனிக்கிழமையும் கதவைத் திறந்து வைத்திருந்தார். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேடத்தின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதை யாரும் அகற்றவும் இல்லை. கார்த்திக் ஒரு படத்தைக் காட்டினார். நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு சாமுவேல்தான் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கு மாறா ஒண்ணு இருக்கா தம்பி?" அக்கா கேட்டுக் கேட்டு அவருக்கும் அது வந்திருந்தது. கார்த்திக் படங்களைத் தள்ளித் தேடத் தொடங்கினார்.

இந்த வரிகளை யாரிடமும் வாசித்துக் காட்டாமல் அனுப்புகிறேன். மாலை ஆனதும் அவரைக் கூப்பிடலாம் என்று இன்னும் தோன்றுகிறது. மூன்றாவது பத்தியில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்விதான். எழுதிய ஒவ்வொரு 'இதனால்' மீதும் விரலை வைத்து, மழையில் நனைந்தும் விழாத சுவர் எங்கே என்று தேடிப் போவது. அது என்னுடையதாக இருந்ததில்லை. இனி யாருடையதாகவும் இல்லாமல் போகக்கூடாது.

நிலுவையில் இருப்பது இது. கடைசிச் சுற்றில் கற்ற செயலி சரியாகச் சொல்கிறதா என்பது இன்னும் தெரியாது. கொழுந்தன் பங்குனி முடியும்வரை பொறுக்கச் சம்மதித்திருப்பதாகப் பாண்டியம்மாள் சொல்கிறார். கொழுந்தனிடம் நான் பேசவில்லை. மாசிக் கடைசியிலோ பங்குனி முதல் வாரத்திலோ முதல் கொத்து வரும் என்பது பாண்டியம்மாளின் கணிப்பு. அன்று கார்த்திக் படம் எடுப்பார், செயலி சொல்லும், பாண்டியம்மாள் அதே மொட்டைக் கிள்ளிப் பார்ப்பார். நான் இரண்டு தடவை போவேன், பகலில் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை. இரண்டையும் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது, நேற்று நேரில் போய்ப் பார்த்தது மட்டும். வெட்டிய இடங்களில் செடிகள் துளிர்த்திருக்கின்றன.